பாட்டுக்கு ஃப்ளாக், கேமுக்கு டிஸ்க்: பூட்டு யார் கையில் என்று பார்த்து வாங்குங்கள்

வீட்டில் ஒரே மாதத்தில் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. மயிலாப்பூர் பெரியப்பா, அலமாரி நிறைய இருக்கும் கச்சேரி சிடிக்களை எந்த ஃபார்மேட்டுக்கு மாற்றி வைப்பது என்று கேட்கிறார். அக்கா மகனுக்கு சோனியின் கேம் கன்சோலான பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வேண்டும். டிஸ்க் போடுகிற மாடலா, டிஜிட்டல் மட்டும் உள்ள மாடலா என்று அவன் கேட்கிறான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள வயது வித்தியாசம் இவர்களுக்கு. ஆனால் இருவருக்கும் பதில் சொல்ல நான் பார்ப்பது ஒன்றைத்தான்: காசு கொடுத்து வாங்கிய பிறகு, இதைத் திறக்க வேறு யாரிடமாவது அனுமதி கேட்கவேண்டுமா?

நகல் எடுக்கவிடாமல் போடுகிற பூட்டு எல்லாமே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். பர்மா பஜாரில் புதுப்பட டிவிடி கேட்டால் கிடைத்த காலத்தைப் பார்த்த ஊர் இது. 2004இல் தமிழக அரசு வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கேம் எழுதியவருக்கும் காசு போயே ஆகவேண்டும். ஆகவே பூட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் என் கவலை. கையில் இருக்கும் பொருளை மட்டும் பார்த்துவிட்டுத் திறக்கிற பூட்டு ஒரு வகை. எங்கோ இருக்கிற சர்வரைக் கேட்டுவிட்டுத் திறக்கிற பூட்டு இன்னொரு வகை.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் பழைய பிளேஸ்டேஷன். அந்த டிஸ்க்கின் உள்பக்கத் தடத்தை லேசாக நெளித்து அதில் ஒரு குறியீட்டைப் பதித்திருந்தார்கள். சாதாரண சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. கன்சோல் அதைத் தேடும், கிடைத்தால் கேம் ஓடும். நகல் எடுக்க முடியாமல் போனது, சரி. ஆனால் 1990களில் வாங்கிய டிஸ்க்கும் கன்சோலும் நல்ல நிலையில் இருந்தால் இன்றைக்கும் யாரையும் கேட்காமல் ஓடும்.

இரண்டாம் வகை என்ன செய்யும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட்டின் கதை போதும். 2004இல் 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' என்று ஒரு முத்திரையைக் கொண்டுவந்தார்கள். அந்த முத்திரை உள்ள பிளேயரில் பூட்டிய பாட்டுகள் நிச்சயம் ஓடும் என்றார்கள். 2006இல் அதே நிறுவனம் ஸூன் என்ற பிளேயரை வெளியிட்டது. அதில் அந்தப் பாட்டுகள் ஓடவில்லை. 2008இல், எம்எஸ்என் மியூசிக்கில் வாங்கிய பாட்டுகளுக்குச் சாவி தருகிற சர்வரையும் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொதித்துப்போய்க் கேட்ட பிறகு 2011 வரை தள்ளிப்போட்டார்கள். அதாவது, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினால், காசு கொடுத்து வாங்கிய பாட்டு அதில் ஓட அவர்கள் தயவு வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று நினைக்கவேண்டாம். ஃபிளிப்கார்ட் 2012இல் ஃப்ளைட் என்று ஒரு பாட்டுக்கடை நடத்தியது. பூட்டே இல்லாத எம்பி3 பாட்டுகளை விற்றார்கள். அடுத்த ஆண்டே கடையை மூடிவிட்டார்கள். ஆனால் அன்று டவுன்லோடு செய்து வைத்தவர்களிடம் அந்தப் பாட்டுகள் இன்றும் இருக்கின்றன. 2024இல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் ஆப்பை மூடுவதாக அறிவித்தது. அந்த ஆப்புக்குள் 'டவுன்லோடு' செய்து வைத்த பாட்டு எதையும் வெளியே எடுத்து வேறு பிளேயரில் போட வழியில்லை. அதே ஆண்டு ஜனவரி இறுதியில் ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப்பும் இந்தியாவில் மூடப்பட்டது. கடை மூடுவது சகஜம், மூடிய பிறகு நம் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பார்த்துத்தான் காசு கொடுக்கவேண்டும்.

இனி பெரியப்பாவின் அலமாரிக்கு வருகிறேன்.

சிடியில் இருப்பது விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதிய ஒலி. ஐந்து நிமிடக் கீர்த்தனை ஒன்று சுமார் 50 எம்பி வரும். அதை 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் 5 எம்பிக்குள் அடங்கிவிடும், 320 என்றால் 12 எம்பி. ஃப்ளாக் (FLAC) என்கிற ஃபார்மேட்டில் பெரும்பாலும் 25 முதல் 30 எம்பி. எம்பி3 காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டுச் சிலவற்றைத் தூக்கிப் போடுகிறது. ஃப்ளாக் எதையும் தூக்கிப் போடாமல் மடித்து வைக்கிறது, பிரித்தால் அதே சிடி ஒலி அப்படியே வரும்.

இந்த வித்தியாசம் காதில் விழுமா? சினிமாப் பாட்டை பஸ்ஸில் ஹெட்போனில் கேட்டால் விழாது. ஆனால் ஒரு தனி ஆவர்த்தனத்தை 128இல் போட்டுப் பாருங்கள். எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் சுருக்கும். சுருக்கும்போது வருகிற இரைச்சல் அந்தத் துண்டு முழுவதும் பரவிவிடும். நிசப்தத்தைக் கிழித்துக்கொண்டு மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு 'தீம்' விழுகிறது என்றால், அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய உரசல் கேட்கும். கஞ்சிராவிலும் மோர்சிங்கிலும் இன்னும் நன்றாகத் தெரியும். பஜனைப் பாட்டில் ஜால்ரா தண்ணீருக்குள் தட்டுவதுபோலக் குழைந்து போகும். 320க்குப் போனால் இவையெல்லாம் பெரும்பாலும் மறைந்துவிடும். நல்ல ஸ்பீக்கர் வைத்துக் கேட்டாலும் 320க்கும் சிடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டம்தான்.

அப்படியானால் 320 போதாதா, ஃப்ளாக் எதற்கு என்று பெரியப்பா கேட்டார். கேட்பதற்குப் போதும். சேர்த்து வைப்பதற்குத்தான் ஃப்ளாக். ஒரு எம்பி3ஐ நாளை வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றினால், ஏற்கெனவே தூக்கிப் போட்டது போக இன்னும் கொஞ்சம் போகும். ஃப்ளாக்கிலிருந்து எத்தனை தடவை, எந்த ஃபார்மேட்டுக்கு மாற்றினாலும் மூலம் அப்படியே இருக்கும். அப்புறம் ஒரு விஷயத்துக்காகவே எனக்கு ஃப்ளாக்கை ரொம்பப் பிடிக்கும்: ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் அதன் மூல ஒலியின் சரிபார்ப்பு எண் ஒன்று எழுதியிருக்கும். பத்து வருஷம் கழித்து ஹார்டு டிஸ்க்கில் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், சோதித்துப் பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று சொல்லிவிடலாம். எம்பி3இல் பாட்டுக்கு நடுவே 'டிக்' என்று கேட்கும்போதுதான் தெரியும். 2001இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து ஃப்ளாக் இலவசம், யாருடைய காப்புரிமைக் கட்டணமும் கிடையாது. எம்பி3க்கே அந்த விடுதலை 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதுவரை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் உரிமம் விற்றுக்கொண்டிருந்தது.

ஃப்ளாக்கின் குறை, கார். பெரியம்மா காரில் பென் டிரைவ் மாட்டித்தான் பாட்டு கேட்பார். பழைய கார் ஸ்டீரியோக்கள் பலவற்றுக்கு எம்பி3 தவிர வேறு தெரியாது. அதனால் நான் சொன்ன ஏற்பாடு இதுதான்: சிடியிலிருந்து ஃப்ளாக் எடுத்து அதை மூலமாக வைத்துக்கொள்வது, காருக்கும் போனுக்கும் அதிலிருந்து 320 எம்பி3 போட்டுக் கொடுப்பது. ஒரு சிடி ஃப்ளாக்கில் சுமார் 300 முதல் 400 எம்பிதான் ஆகும். 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் 2,000 சிடிக்கு மேல் அடங்கும். பெரியப்பாவின் அலமாரிக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம்.

எம்பி3 மாதிரியே சுருக்குகிற இன்னொரு ஃபார்மேட்டான ஏஏசியில் ஃபைல் வைத்திருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. ஆப்பிள் 2003இல் பாட்டு விற்கத் தொடங்கியபோது அதைப் பூட்டித்தான் விற்றது. 2009இல் பூட்டை எடுத்துவிட்டது. ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு 2012 டிசம்பரில் வந்தபோது விற்றதெல்லாம் பூட்டில்லாத 256 ஏஏசிதான், நல்ல தரம். அப்படியே வைத்துக்கொள்ளலாம், எம்பி3 ஆக மாற்றிக் கெடுக்கவேண்டாம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய எண்களைக் காட்டி விற்பதைப் பற்றியும் பெரியப்பா கேட்டார். சிடியிலிருந்து எடுப்பதற்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இல்லாததைச் சேர்க்க முடியாது. ப்ளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இன்னும் வீண், ஏனென்றால் ப்ளூடூத்தே இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்புகிறது.

சிடியிலும் ஒரு காலத்தில் பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள். 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர், சோனி பிஎம்ஜி வெளியிட்ட சிடி ஒன்று தன் கம்ப்யூட்டருக்குள் கேட்காமலேயே ஒரு மென்பொருளைப் புதைத்து, அதைக் கண்ணில் படாமல் ஒளித்தும் வைத்திருந்ததை வெளியே சொன்னார். அந்த ஒளிவிடத்தை வைரஸ்களும் பயன்படுத்தத் தொடங்கின. அடுத்த மாதமே அந்த சிடிக்களைத் திரும்பப் பெற்றார்கள். காசு கொடுத்து வாங்கியவருடைய கம்ப்யூட்டர்தான் கெட்டது. திருட்டு எம்பி3 வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வருஷங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த சிடி உங்களிடம் இருந்தால், அட்டையில் நகல் தடுப்பு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் போடுங்கள். நம் ஊர்க் கர்நாடக சங்கீத சிடிக்களில் இந்தத் தொல்லையை நான் பார்த்ததில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடவேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை. 'நோக்கத்தோடு' என்று சட்டத்தில் எழுதியிருப்பது நமக்குக் கொஞ்சம் ஆறுதல். பெரியப்பா தன் சிடியைத் தன் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுவது ஒன்று, அதை நூறு பேருக்கு அனுப்புவது வேறு.

மாதச் சந்தா ஆப்களைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. புதுப்பாட்டு கேட்க, இதுவரை கேட்காத பாடகரைத் தெரிந்துகொள்ள அவற்றைவிட வசதி கிடையாது. நானும் சந்தா கட்டுகிறேன். ஆனால் அது வாடகை. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்கோடு பேச்சுவார்த்தை முறிந்து ஸ்பாடிஃபையிலிருந்து ஏராளமான ஹிந்திப் பாட்டுகள் ஒரே நாளில் காணாமல் போயின. தவறாமல் சந்தா கட்டியவர்களுக்கும் அதே கதிதான். உயிராக நினைக்கிற பாட்டு என்றால் ஒரு சிடியோ, பேண்ட்கேம்ப் மாதிரி பூட்டில்லாமல் விற்கும் இடத்தில் ஒரு ஃபைலோ வாங்கி வைத்துவிடுங்கள். நம் ஊர் சுயாதீனக் கலைஞர்கள் பலர் அங்கே ஃப்ளாக்கிலேயே விற்கிறார்கள், காசின் பெரும்பகுதி அவர்களுக்கே போகிறது.

கம்ப்யூட்டர் பக்கமே போகாத பெரியவர்களுக்கு சரிகம 2017இல் கொண்டுவந்த கார்வான் நல்ல பெட்டி. தமிழ்ப் பதிப்பில் 5,000 பாட்டுகள் உள்ளேயே இருக்கின்றன, நெட் வேண்டாம். அந்தப் பாட்டுகளை நகல் எடுத்து வெளியே கொண்டுவர முடியாது என்பதால் அதுவும் பூட்டுதான். ஆனால் திருகினால் பாடும், யாரையும் கேட்காது. நான் முதலில் சொன்ன வித்தியாசம் இதில் நன்றாக விளங்கும்.

இப்போது அக்கா மகன்.

பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஜிட்டல் மாடல் 39,990. பிறகு விலைகள் மாறின, மாடல்களும் மாறின. ஆனால் யோசிக்கவேண்டிய கணக்கு அதேதான்: பத்தாயிரம் ரூபாய்க்கு டிஸ்க் டிரைவ் என்ன தரும்? பெரிய நிறுவனங்களின் புது கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாயைத் தொடுகிறது. டிஸ்க்காக வாங்கி, முடித்துவிட்டுப் பாதி விலைக்கு விற்றாலே நான்கு கேமில் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். நண்பனோடு மாற்றிக்கொண்டால் இன்னும் சீக்கிரம். டிஜிட்டலில் வாங்கியதை விற்கவும் முடியாது, கைமாற்றவும் முடியாது. அங்கே சேல் சமயத்தில் விலை நன்றாக இறங்கும் என்பது உண்மைதான், பொறுமை இருந்தால் அதிலும் மிச்சம் பிடிக்கலாம். பத்தாம் வகுப்புப் பையனிடம் அந்தப் பொறுமையை நான் எதிர்பார்க்கவில்லை.

அவன் அதிகம் ஆடுவது கால்பந்து கேம். வருஷா வருஷம் செப்டம்பர் வாக்கில் புதுப் பதிப்பு வரும், வந்ததும் பழைய டிஸ்க்கின் விலை விழுந்துவிடும். அதனால் ஜூலையிலேயே விற்றுவிடவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் ஆன்லைன் கேம்களை மட்டும் ஆடுகிற பிள்ளை என்றால் டிஸ்க் டிரைவுக்குச் செலவு செய்வதில் அர்த்தமே இல்லை. டிஜிட்டல் மாடலை வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்குங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் அடிப்பக்கத்தைக் கடையின் டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்க்கவேண்டும். சிடியில் தகவல் இருக்கும் அடுக்குக்கு மேல் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கும். கீறினால் பாலிஷ் போட்டுக் காப்பாற்றலாம். பிஎஸ்5 டிஸ்க் ப்ளூரே வகை. அதில் தகவலுக்கும் விரலுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர்தான். அதன் மேல் கெட்டியான பூச்சு இருப்பதால் லேசில் கீறாது, ஆனால் ஆழமாக ஒரு கீறல் விழுந்துவிட்டால் பாலிஷ் போட இடமே கிடையாது. விளக்கொளியில் வட்டமாக ஓடும் கீறல் தெரிந்தால், கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். பெட்டிக்குள் கூடுதல் பகுதிகளை இறக்குவதற்கான ரகசிய எண் அச்சிட்ட சீட்டு இருந்தால் அது ஏற்கெனவே பயன்படுத்தியதாகத்தான் இருக்கும், அதற்காகத் தனியாகக் காசு தரவேண்டாம். டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்பு என்றும் பாருங்கள். கேம் ஓடிவிடும், ஆனால் கூடுதல் பகுதிகளை நம் ஊர் அக்கவுண்டில் வாங்கினால் அவை அந்த டிஸ்க்கோடு சேராமல் போகலாம்.

டிஸ்க் வாங்கினால் மட்டும் போதுமா என்றால், போதாது. இங்கேதான் கன்சோல் கம்பெனிகள் இரண்டாம் வகைப் பூட்டை மெல்ல மெல்ல உள்ளே விடுகின்றன. 2013இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிமுகப்படுத்தியபோது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கன்சோல் நெட்டில் தலைகாட்டவேண்டும், பழைய டிஸ்க் விற்பதற்கும் கட்டுப்பாடு என்றது. எதிர்ப்பைத் தாங்கமுடியாமல் ஜூன் 19 அன்று இரண்டையும் கைவிட்டது. வாங்குகிறவர்கள் வாய் திறந்து கேட்டால் கம்பெனிகள் இறங்கி வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பிஎஸ்4இல் கடிகாரத்துக்காக வைத்த சின்ன பேட்டரி தீர்ந்துபோய், சோனியின் சர்வரும் கிடைக்காவிட்டால் கேம் திறக்காது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அதுவும் வெளியே தெரிந்து பேச்சு கிளம்பிய பிறகு, 2021 செப்டம்பரில் ஒரு அப்டேட்டில் சரியானது. யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' கேமுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்று கட்டப்பட்ட கேம் அது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கும் ஓடவில்லை. ஆகவே பெட்டியின் பின்னால் 'இணைய இணைப்பு அவசியம்' என்று எழுதியிருக்கிறதா என்று படிக்காமல் எந்த கேமையும் முழு விலை கொடுத்து வாங்காதீர்கள்.

நிண்டெண்டோவும் ஒரு தேர்வுதான். ஸ்விட்ச் கேட்ரிட்ஜ் சின்னது, உறுதியானது. குழந்தைகள் வாயில் போடாமலிருக்கக் கசப்பு மருந்துகூடத் தடவியிருப்பார்கள். நெட் இல்லாமலே பெரும்பாலான கேம்கள் ஓடும். ஆனால் நம் ஊரில் கிடைப்பவை வெளிநாட்டிலிருந்து வியாபாரிகள் கொண்டுவருபவை, ரிப்பேர் என்றால் கடைக்காரரைத்தான் நம்பவேண்டும். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2வுக்குச் சில கேம்களை 'கேம்-கீ கார்டு' என்ற பெயரில் விற்கிறார்கள். கார்டுக்குள் கேம் கிடையாது, திறக்கும் அனுமதி மட்டும்தான் இருக்கிறது. கேமை நெட்டில் இறக்கவேண்டும். பெட்டியின் முன்பக்கமே எழுதியிருக்கும், கவனியுங்கள். விற்கலாம், கைமாற்றலாம் என்பது டிஜிட்டலைவிட மேல். சர்வர் நின்றுவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக்.

கேமைச் சொந்தமாக வைத்துக்கொள்வது மட்டும்தான் குறி என்றால் கன்சோலைவிட கம்ப்யூட்டர் மேல். ஜிஓஜி கடை பூட்டே இல்லாமல் விற்கிறது, இன்ஸ்டாலரை ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம். ஸ்டீமில் ரூபாய் விலை வசதிதான், ஆனால் அங்கே கிடைப்பது உரிமம் மட்டுமே என்று 2024இலிருந்து அவர்களே காசு கட்டும் பக்கத்தில் எழுதுகிறார்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் விலையைக் கேட்டதும் அக்கா அந்தப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆகவே அவனுக்கு டிஸ்க் போடுகிற பிஎஸ்5 என்று முடிவாகியிருக்கிறது. டிரைவைப் பிறகு தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். 2023 நவம்பரில் அறிமுகமான மெலிந்த மாடலில் அது முடியும், மாட்டும்போது ஒருமுறை நெட் வேண்டும். ஆனால் தனி டிரைவ் கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வழியில் போகவேண்டும். இல்லாவிட்டால் சேர்த்தே வாங்குவது நல்லது.

பெரியப்பாவுக்கு இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று அவர் வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டில் மூன்றாம் மாடியில். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்குத் தரைத்தள வீட்டில் ஒரே பிரதி வைப்பது ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் எழுதிய சிடிக்களை முதலில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். அவற்றின் சாயம் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும், கடையில் அச்சிட்டு விற்றவை இன்னும் தாங்கும்.

பையன், டிஸ்க்கும் கன்சோலும் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு சோதனை செய்யவேண்டும்: கேமை ஏற்றி, அப்டேட் எல்லாம் முடிந்த பிறகு, வைஃபையை அணைத்துவிட்டு, கன்சோலை முழுக்க ஆஃப் செய்து திரும்ப ஆன் செய்து கேமைத் திறந்து பார்ப்பது. திறக்காத டிஸ்க்கை, கடை திரும்ப எடுத்துக்கொள்ளும் நாட்களுக்குள் பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.